வழி தவறிய சிறுவர்கள்: எமிலின் ஊசியும் சுவாமிநாதனின் இரவும்

தொடக்கப்பள்ளி மாணவர்களின் தமிழ்க் கட்டுரைத் தாள்களைத் திருத்திய பட்டறிவுடைய எவருக்கும் ஒரு கதை மனப்பாடமாகியிருக்கும். சிறுவன் ஒருவன் குடும்பத்தாரோடு பயணம் புறப்படுகின்றான். பேருந்து நிலையத்திலோ பேரங்காடியிலோ பெற்றோரைப் பிரிகின்றான். தேம்பித் தேம்பி அழுகின்றான். காவலர் ஒருவர் வருகின்றார், ஒலிபெருக்கியில் பெயர் அறிவிக்கப்படுகின்றது, பெற்றோர் ஓடிவந்து கட்டித் தழுவுகின்றனர். பெரியோர் சொற்படி நடக்க வேண்டும் என்பதை அன்று உணர்ந்ததாகச் சிறுவன் எழுதக் கதை முடிகின்றது. யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது, இக்கதை கைவிடப்படவில்லை. நம்மிடம் பயிலும் பயிற்சி ஆசிரியர்கள் பள்ளிப் பயிற்சி முடித்துக் கொண்டுவரும் தாள்களில் அதனை இன்றும் காண்கின்றோம்.

மாணவர்களைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. அவர்கள் எழுதுவது அவர்களுக்கு நாம் கொடுத்த கதை. ஆயினும் ஒன்று கேட்கத் தோன்றுகின்றது. இக்கதையில் வழி தவறிய சிறுவன் உண்மையில் என்ன செய்கின்றான்? அழுவதைத் தவிர எதுவும் செய்வதில்லை. அதற்குப் பின்னரும் அவன் பாடம் கற்றுக்கொண்டதாகவும், சில தாள்களில் 'சொந்தக் காலில் நிற்கக்' கற்றுக்கொண்டதாகவும் எழுதப்படுகின்றது. பயணத்தில் நேரும் இடர் இளையோருக்குத் தற்சார்பைக் கற்றுத்தரும் என்னும் கருத்து, ஆராயப்படாமலேயே நம் பாடநூல்களிலும் சிறார் கதைகளிலும் குடியேறிவிட்டது. அக்கருத்தை இரு நாவல்களைக் கொண்டு உரசிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒன்று எரிக் கெஸ்ட்னர் 1929ஆம் ஆண்டு ஜெர்மானிய மொழியில் எழுதி வெளியிட்ட 'எமிலும் துப்பறிவாளர்களும்'. மற்றொன்று ஆர்.கே. நாராயண் 1935ஆம் ஆண்டு ஆங்கிலத்தில் வெளியிட்ட 'சுவாமியும் நண்பர்களும்'. முன்னதை நாம் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியே பயின்றோம் என்பதையும் கூறிவிட வேண்டும்.

'சொந்தக் காலில் நிற்றல்' என்னும் தொடரைப் பற்றி ஒரு சொல். மலாய் மொழியில் இதற்கு வழங்கும் 'பெர்டிகாரி' என்பது 'பெர்டிரி டி அத்தாஸ் காக்கி செண்டிரி' என்னும் தொடரின் சுருக்கம். 1965ஆம் ஆண்டில் சுகர்ணோ அதனை அரசியல் முழக்கமாக ஆக்கினார். அதிலும் சொந்தக் கால், தமிழிலும் சொந்தக் கால். இரு மொழிகளும் நிற்றலையே பேசுகின்றன, நடத்தலைப் பேசவில்லை என்பது நம் கவனத்தை ஈர்க்கின்றது. பயணக் கதையில் ஒருவன் நடந்தாக வேண்டும். எங்கே, யாரோடு, எதைக் கையில் கொண்டு நடந்தான் என்பவற்றைக் கேட்காமல் தற்சார்பைப் பற்றிப் பேச இயலாது.

'இடர் ஒரு மருந்து' என்னும் வாய்பாட்டிற்கு ஆங்கிலத்தில் வலிமையான வடிவம் தந்தவர்களுள் ஒருவர் ருட்யார்ட் கிப்ளிங். 1897ஆம் ஆண்டு நூலாக வெளிவந்த 'கேப்டன்ஸ் கரேஜஸ்' நாவலில், இரயில்வே முதலாளி ஒருவரின் பதினைந்து வயது மகன் ஹார்வி பயணக் கப்பலிலிருந்து கடலில் விழுகின்றான். மீனவர்கள் அவனைக் காப்பாற்றுகின்றனர். தன் தந்தையின் செல்வத்தைப் பற்றி அவன் கூறுவதைப் படகின் தலைவர் நம்பவில்லை. மூக்கில் ஒரு குத்தும் மாதம் பத்தரை டாலர் சம்பளமும் அவனுக்குக் கிடைக்கின்றன. மீன்பிடி பருவம் முடியும்வரை படகு கரை திரும்பாதாகையால் அவன் உழைத்தே ஆக வேண்டும், உழைக்கின்றான், திருந்துகின்றான். கடல்தொழிலைப் பற்றிய பகுதிகள் இன்றும் சுவை குன்றாதவை. ஆனால், இறுதியில் அவனுக்குத் தந்தையின் கப்பல்கள் கிடைக்கின்றன. தன் காலில் நிற்கக் கற்றவனுக்குத் தந்தையின் கப்பல் எதற்கு என்று கிப்ளிங் கேட்கவில்லை. இந்நாவலை இவ்வளவோடு விடுவோம். நம் பாடநூல்களின் கொடிவழி இங்கிருந்தும் வருகின்றது என்பதைச் சுட்டவே இதனைக் குறிப்பிட்டோம்.

எமிலின் ஊசி

கெஸ்ட்னரின் கதை எளிமையானது. தந்தையை இழந்த எமில், நொய்ஸ்டாட் என்னும் சிற்றூரில் தாயோடு வாழ்கின்றான். தாய் வீட்டிலேயே பெண்களுக்கு முடி கழுவி ஒப்பனை செய்து பிழைப்பவர். விடுமுறைக்குப் பெர்லினிலுள்ள பாட்டி வீட்டிற்கு எமிலைத் தனியே இரயிலில் அனுப்புகின்றார். பாட்டியிடம் சேர்க்க வேண்டிய தொகையும் அவன் செலவுக்கான தொகையும் சேர்த்து 140 மார்க் அவனிடம் தரப்படுகின்றது. வாரத்திற்கு 35 மார்க் ஈட்டுபவருக்கு அது எத்துணைப் பெரிய தொகை என்பதைக் கெஸ்ட்னர் கணக்கிட்டே காட்டுகின்றார். அது நான்கு வார உழைப்பு. பிள்ளைகளுக்கான நூலில் ஒரு தாயின் வாரக் கூலியை எழுதத் துணிந்த ஆசிரியர் அவர். அவருடைய தாயும் முடியொப்பனைத் தொழில் செய்தவர் என்பதை அறிந்தோர் அத்துணிவின் ஊற்றை உணர்வர்.

இரயிலில் எமில் கழிப்பறைக்குச் சென்று, தன் சட்டை மடிப்பிலிருந்த ஊசியை எடுத்துப் பணத்தாள்களையும் உறையையும் சேர்த்துக் குத்தி, மேற்சட்டையின் உட்துணியோடு பிணைக்கின்றான். அதே பெட்டியில் விறைப்பான தொப்பி அணிந்த ஒருவனோடு அவன் தனித்திருக்க நேர்கின்றது. உறங்கக் கூடாது என்று எண்ணி எண்ணியே உறங்கிவிடுகின்றான். விழித்தபோது பணம் இல்லை, தொப்பிக்காரனும் இல்லை. பாட்டியும் மாமன் முறையார் மகளும் பிரீட்ரிக் தெரு நிலையத்தில் காத்திருக்க, எமில் அதற்கு முன்னரே விலங்குத் தோட்ட நிலையத்தில் அத்தொப்பியைக் கண்டு, பெட்டியையும் பாட்டிக்கான பூங்கொத்தையும் சுமந்தவாறு குதித்திறங்குகின்றான்.

இவ்விடத்தில் ஆசிரியர்கள் வகுப்பில் எழுப்ப வேண்டிய வினா ஒன்றுண்டு. எமில் ஏன் காவலரிடம் செல்லவில்லை? பணம் திருடப்பட்ட சிறுவன் செய்ய வேண்டியதாக நாம் கற்பிப்பது அதைத்தானே? கெஸ்ட்னர் இதற்கு நாவலின் தொடக்கப் பகுதியிலேயே விடை வைத்திருக்கின்றார். ஊரிலுள்ள பெருங்கோமகன் சிலைக்கு எமில் சிவப்பு மூக்கும் கறுப்பு மீசையும் வரைந்திருக்கின்றான். ஊர்க் காவலர் அதனைக் கண்டிருப்பாரோ என்னும் அச்சம் அவனை அரித்துக்கொண்டிருக்கின்றது. காவலரிடம் சென்றால் முதலில் சிலையைப் பற்றிக் கேட்பர் என்று அவன் நம்புகின்றான். ஆகவே திருடனைத் தானே பின்தொடர்கின்றான்.

அவனுடைய தற்சார்பு நற்பண்பிலிருந்து பிறக்கவில்லை. ஒரு சிறு குற்றத்திலிருந்தும் அது தந்த அச்சத்திலிருந்தும் பிறக்கின்றது. இக்கதையை நம் பாடநூலுக்காகச் சுருக்கித் தருவோமாயின் முதலில் வெட்டப்படுவது இச்சிலைதான் என்பதில் நமக்கு ஐயமில்லை. 'நல்ல பிள்ளை' ஒருவன் சிலைக்கு மீசை வரையலாமா என்று கேட்கப்படும். சிலையை வெட்டினால் எமில் காவலரிடம் செல்லாததற்குக் காரணம் இல்லை. காரணம் இல்லையேல் கதை இல்லை. அறத்தைக் காப்பாற்றப்போய்க் கதையை இழப்பது நம்மிடையே அடிக்கடி நிகழும் ஒன்று.

பெர்லினில் எமிலிடம் டிராம் வண்டிக்குக் கொடுக்கவும் காசில்லை. செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த ஒருவர் அவனுக்குச் சீட்டு வாங்கித் தருகின்றார். திருடன் உணவகத்தில் அமர்ந்து உண்ண, எமில் எதிரே மறைந்து நிற்கின்றான். அப்போது பின்னாலிருந்து ஓர் ஊதுகுழல் ஒலிக்கின்றது. குஸ்தாவ் என்னும் சிறுவன். அவன் வழியே ஒரு படை திரள்கின்றது. ஒருவன் திட்டமிடுகின்றான், சிலர் கையிலுள்ள காசைப் போட்டுப் பொதுநிதி சேர்க்கின்றனர், ஒருவன் பாட்டிக்குச் செய்தி கொண்டுசெல்கின்றான். 'செவ்வாய்' எனப் பொருள்படும் பெயரைக் கொண்ட மிகச் சிறியவன் ஒருவன் தன் வீட்டுத் தொலைபேசியருகே அமர்ந்து தகவல்களைப் பெற்றுக் கடத்த வேண்டும் என்று ஆணையிடப்படுகின்றான். அவனும் விரட்டலில் கலந்துகொள்ளவே விரும்புகின்றான். ஆயினும் இறுதிவரை அவன் தொலைபேசியை விட்டு அகலவில்லை. கதையின் முடிவில் பாட்டி தனித்து எடுத்துப் பாராட்டுவது இவனைத்தான்.

இந்நாவலின் தனித்தன்மை இங்கேதான் உள்ளது என்பது நம் துணிபு. எமில் தனியே எதையும் சாதிக்கவில்லை. தற்சார்பு என்றால் தனிமை என்று கெஸ்ட்னர் கொள்ளவில்லை. பெரியவர்களைச் சாராதிருத்தல் ஒன்று, எவரையும் சாராதிருத்தல் வேறொன்று. இரண்டையும் நம் நன்னெறிக் கல்வி குழப்பிக்கொள்கின்றது. மேலும், அச்சிறுவர்களுக்கு நகரம் ஒரு கருவியாகப் பயன்படுகின்றது. டிராமும் தொலைபேசியும் வாடகை வண்டியும் தெருமுனையும் அவர்களுக்குப் படிக்கத் தெரிந்த எழுத்துகள். எமிலுக்கு நகரம் தெரியாது. ஆனால் நகரம் தெரிந்தவர்களோடு பேசத் தெரியும்.

பேசத் தெரிந்தது எப்படி? தாயின் தொழிற்கூடத்தில் வெந்நீர்க் குடத்தைத் தூக்கிவந்து, வாடிக்கையாளரோடு உரையாடி வளர்ந்தவன் அவன். தற்சார்பை இரயிலில் கற்றவன் அல்லன், வீட்டிலிருந்தே கொண்டுவந்தவன். ஊசியும் அவ்வாறே. திருடன் மறுநாள் வங்கியில் பணத்தை மாற்ற முயலும்போது, அது தன் பணம் என்பதை எமில் எப்படி மெய்ப்பிக்கின்றான்? தாள்களிலுள்ள ஊசித் துளைகளால். பணத்தைக் காக்கத் தவறிய அதே ஊசிதான் அதனை மீட்டும் தருகின்றது. நாவலின் இடர் புதிதாக எதனையும் கற்பிக்கவில்லை, முன்பே இருந்ததை வெளிக்கொணர்கின்றது என்னும் நம் கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

குறையற்ற நாவலா என்றால் இல்லை என்போம். பிடிபட்டவன் தேடப்பட்டுவந்த வங்கிக் கொள்ளையன் என்பதும், எமிலுக்கு 1,000 மார்க் பரிசு கிடைப்பதும் கதையின் இறுக்கத்தைத் தளர்த்துகின்றன. 140 மார்க்கின் எடையை அத்துணை நுட்பமாக உணர்த்திய ஆசிரியர், 1,000 மார்க்கை அள்ளி வீசும்போது அந்த எடை காணாமற் போகின்றது. போனி என்னும் பெண்பிள்ளையின் நிலை இன்னும் வருந்தத்தக்கது. அவளுக்குச் சொந்த மிதிவண்டியும் கூர்மையான நாவும் உள்ளன. ஆயினும் இரவுக் காவலில் அவளுக்கு இடமில்லை. உணவு கொண்டுவருகின்றாள், வீடு திரும்புகின்றாள், இறுதி விருந்தில் பரிமாறுகின்றாள். நம் தமிழ் வகுப்புகளில் பெண்பிள்ளைகளும் அமர்ந்திருக்கின்றனர் என்பதை இந்நூலைக் கற்பிக்க விழைவோர் மறத்தல் கூடாது.

நாவலின் கடைசிப் பக்கத்தைப் பற்றிக் கூறாமல் இருக்க இயலாது. இந்நிகழ்ச்சியிலிருந்து கற்றுக்கொள்ள ஏதேனும் உண்டா என்னும் பேச்சு எழுகின்றது. எவரையும் நம்பக் கூடாது என்று எமில் கூறுகின்றான். பிள்ளைகளைத் தனியே அனுப்பக் கூடாது என்று தாய் கூறுகின்றார். இரண்டும் பிதற்றல் என்று பாட்டி தள்ளிவிடுகின்றார். அப்படியென்றால் பாடமே இல்லையா என்று கேட்டபோது, இருக்கின்றது என்று கூறி அவர் தரும் பாடம்: பணத்தை அஞ்சல் ஆணை வழியே அனுப்ப வேண்டும்.

நகைச்சுவைதான். ஆனால் அதனுள் ஒரு திறனாய்வு அடங்கியுள்ளது. இடரிலிருந்து மனிதர் கற்பது பெரும்பாலும் அந்த அளவே. நமக்கும் ஒரு சான்று உண்டு. பதினேழாம் வயதில் தைப்பிங்கிலிருந்து கோலாலம்பூருக்கு முதன்முறையாகத் தனியே பயணம் செய்தபோது, தாப்பா ஓய்விடத்தில் நம்மை விட்டுவிட்டுப் பேருந்து புறப்பட்டுவிட்டது. அம்மா உள்பையில் ஊக்கு மாட்டிக் கொடுத்த பணம் இருந்தது, பெட்டி பேருந்தோடு போய்விட்டது. நாசி லெமாக் விற்ற மலாய் அம்மையார் ஒருவர் நம் முகத்தைப் பார்த்தே நிலைமையை உணர்ந்து, அடுத்து வந்த பேருந்தின் ஓட்டுநரிடம் பேசி ஏற்றிவிட்டார். புடுராயாவில் பெட்டியும் கிடைத்தது. அன்று நாம் சொந்தக் காலில் நிற்கக் கற்றோம் என்று எழுத ஆசைதான். உண்மையில் கற்றது, இறங்கும்போது பேருந்தின் எண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே. கெஸ்ட்னரின் பாட்டியை முதன்முறை படித்தபோது, வெளிநாட்டு மாணவர் விடுதி அறையொன்றில் தனியே வாய்விட்டுச் சிரித்ததற்கு இதுவே காரணம்.

இந்நாவலின் பிற்கால வரலாறு சிரிப்பிற்குரியதன்று. 1933ஆம் ஆண்டு மே மாதம் பெர்லினில் நாட்சிகள் நூல்களை எரித்தபோது கெஸ்ட்னரின் நூல்களும் எரிந்தன; அவர் கூட்டத்தில் நின்று அதனைக் கண்டார். எமிலின் கதை மட்டும் அப்போது விலக்குப் பெற்றது. 1931ஆம் ஆண்டில் வெளிவந்த முதல் திரைப்படத்தில் எமிலாகவும் சின்னச் செவ்வாயாகவும் நடித்த சிறுவர் இருவரும் 1942ஆம் ஆண்டில் போரில் மாண்டனர். தெருப்பிள்ளைகள் தாமே ஒழுங்கமைத்துக்கொண்ட படையும், அரசு அப்பிள்ளைகளைச் சேர்த்த படையும் ஒன்றல்ல என்பதை இச்செய்தியை அறிந்தபின் நாவலை மீளப் படிப்போர் உணராதிருக்க இயலாது.

சுவாமிநாதனின் இரவு

ஆர்.கே. நாராயண் சென்னையில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். கிரஹாம் கிரீனின் பரிந்துரையால் இலண்டனில் வெளிவந்த அவருடைய முதல் நாவலே 'சுவாமியும் நண்பர்களும்'. ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருப்பினும் மால்குடியின் பத்து வயது சுவாமிநாதனைத் தமிழ்ப் பிள்ளையாகவே நாம் ஏற்கின்றோம். அவன் பாட்டியிடம் கதை பேசுவதும் அப்பாவுக்கு அஞ்சுவதும் நம் வீட்டுக் காட்சிகள்.

சுவாமிநாதன் பயணம் புறப்படவில்லை, தப்பி ஓடுகின்றான். மாலைநேர உடற்பயிற்சி வகுப்புகள் அவனுடைய கிரிக்கெட் பயிற்சிக்கு இடையூறாகின்றன. மருத்துவர் தனக்காகப் பேசுவார் என்று நம்பி வகுப்புகளைத் தவிர்க்கின்றான். மருத்துவர் அவ்வாறு செய்யவில்லை. தலைமையாசிரியர் பிரம்பை எடுக்கின்றார். சுவாமிநாதன் அதனைப் பறித்துச் சன்னலுக்கு வெளியே எறிந்துவிட்டு ஓடுகின்றான். எமிலைப் போலவே இவனையும் தண்டனையச்சமே தனிவழி அனுப்புகின்றது. ஆனால் எமில் ஒன்றைத் துரத்திக்கொண்டு செல்கின்றான்; சுவாமிநாதனை ஒன்று துரத்துகின்றது.

மெம்பிக் காட்டுச் சாலையில் இருள் சூழ்கின்றது. வீடு திரும்ப எண்ணி நடந்தவன் வழி தவறுகின்றான். அந்த இரவை நாராயண் எழுதியுள்ள முறை தனித்துக் கருதற்குரியது. எள்ளல் கலந்த மெல்லிய நடையில் இயங்கிவந்த நாவல் திடீரெனத் தன் குரலை இழக்கின்றது. ஓசைகள் விலங்குகளாகின்றன, நிழல்கள் உருக்கொள்கின்றன. சிறுவன் தெய்வங்களிடம் படையல் நேர்ந்துகொள்கின்றான். ஓடுகின்றான், விழுகின்றான், நினைவிழக்கின்றான். காலையில் வண்டிக்காரர் ஒருவர் அவனைச் சாலையில் கண்டெடுத்து வன அதிகாரியிடம் சேர்க்கின்றார்.

சுவாமிநாதன் இதிலிருந்து என்ன கற்றான்? எதையும் கற்கவில்லை. தன்னைத்தானே மீட்டுக்கொள்ளவும் இல்லை. பெரியவர்களிடமிருந்து தப்பியவன் பெரியவர்களாலேயே மீட்கப்பட்டு வீடு சேர்கின்றான். அதற்குள் கிரிக்கெட் ஆட்டம் முடிந்துவிடுகின்றது. அவனில்லாத அணி தோற்றுவிடுகின்றது. தலைவன் ராஜம் அவனோடு பேச மறுக்கின்றான். எதற்காகப் பள்ளியை விட்டானோ அதனையே இழக்கின்றான்.

எமில் வென்றான், சுவாமிநாதன் தோற்றான். முன்னவன் ஏழைப் பிள்ளை, பின்னவன் வழக்குரைஞர் வீட்டுப் பிள்ளை. ஆகவே உழைக்கும் வீடு தற்சார்பையும் வசதியுள்ள வீடு சார்பையும் வளர்க்கின்றது என்று முடித்துவிடலாம். நாமும் சில ஆண்டுகளுக்கு முன் விரிவுரையொன்றில் அவ்வாறு பேசியதுண்டு. இப்பொழுது அது போதாது என்று தோன்றுகின்றது. எமிலுக்குத் திரும்பும் திசையெல்லாம் மனிதர் இருந்தனர். காட்டில் சுவாமிநாதனுக்கு எவர் இருந்தார்? அவனுடைய குஸ்தாவ் ஊரில் ஆட்டத்திற்காகக் காத்திருக்கின்றான். அத்துடன், எமில் எதிர்கொண்டது ஒரு திருடனை; அவனைப் பிடிக்க முடியும். சுவாமிநாதன் எதிர்கொண்டது குடியேற்றவாத ஆட்சிக்காலப் பள்ளியை. அதன் பிரம்பை ஒருமுறை எறியலாம். மறுநாள் வேறொரு பிரம்பு வரும். தனிச் சிறுவனின் தற்சார்பால் தீர்க்க இயலாத சிக்கல்களும் உண்டு என்பதை நாராயண் அறிந்திருந்தார். அவரைச் சிறார் எழுத்தாளர் என்று மட்டும் குறுக்குவோர் இதனைக் காண்பதில்லை.

நாவலில் நம்மை மீண்டும் மீண்டும் ஈர்ப்பது சுவாமிநாதனின் இரவன்று, அவன் தந்தையின் இரவு. கண்டிப்பானவராக நாம் அறிந்த அவர் மகனைத் தேடி அலைகின்றார். எவரிடமும் கூறாத அச்சத்தோடு சரயு நதியின் பக்கம் செல்கின்றார். அங்கே எதைக் காண அஞ்சினார் என்பது வெளிப்படை. பிள்ளை வழி தவறும்போது பெற்றோரும் வழி தவறுகின்றனர் என்பதைக் கெஸ்ட்னர் தொடவில்லை. எமிலின் பாட்டிக்கும் தாய்க்கும் நேரும் கலக்கம் அங்கே விரைவில் கடந்துபோகின்றது.

பெற்றோரின் இந்நிலை தமிழிலக்கியத்திற்குப் புதிதன்று. உடன்போக்கு மேற்கொண்ட மகளைத் தேடிச் செவிலி பாலை வழியே செல்வதை அகப்பாடல்கள் பேசுகின்றன. பாலைக்கலியில் எதிரே வரும் முக்கோல் அந்தணரிடம் செவிலி மகளைக் கண்டீரோ எனக் கேட்கின்றாள். கண்டோம் என்கின்றனர் அவர்கள். ஆனால் மீட்டுத் தருவதாகக் கூறவில்லை. மலையில் பிறந்த சந்தனம் மலைக்கு என்ன செய்யும், கடலில் பிறந்த முத்துக் கடலுக்கு என்ன செய்யும், யாழில் பிறந்த இசை யாழுக்கு என்ன செய்யும் என்று எடுத்துரைத்து, நின் மகளும் அத்தகையளே என்று செவிலியைத் தேற்றுகின்றனர். மகளின் விடுதலை ஒரு தலைவனைச் சார்ந்ததாகவே அங்கும் அமைகின்றது. அதனை மறைத்துப் பெருமை பேசுதல் தகாது. எனினும், வழியில் நிற்கும் பெரியவர் செய்யத்தக்கது பிள்ளையைப் பிடித்து வீட்டில் ஒப்படைப்பது மட்டுமன்று, தேடி வருபவரிடம் பேசுவதும்தான் என்னும் எண்ணம் அப்பாடலில் உள்ளது. நம் கட்டுரைத் தாள்களில் வரும் காவலர்கள் ஒருவரும் பெற்றோரிடம் அவ்வாறு பேசியதில்லை.

அண்மையில் பயிற்சி ஆசிரியை ஒருவர் ஐந்தாம் ஆண்டு மாணவியின் தாளொன்றை நம்மிடம் கொண்டுவந்தார். தலைப்பு வழக்கமானதுதான்: நான் மறக்க முடியாத பயணம். அம்மாணவியின் கதையில் ஒரு சிறுமி தன் தம்பியோடு இரயிலில் இறங்க வேண்டிய நிலையத்தைத் தவறவிட்டுவிடுகின்றாள். அடுத்த நிலையத்தில் இருவரும் இறங்குகின்றனர். அவள் முதலில் செய்வது தம்பியின் காலணிக் கயிற்றைக் கட்டுவது. பிறகு சுவரிலுள்ள வரைபடத்தைப் பார்க்கின்றாள். எதிர்த்தளத்திற்குச் செல்லப் படிக்கட்டு எங்கே என்று பள்ளிச் சீருடையிலிருந்த சீனச் சிறுமியிடம் மலாயில் கேட்கின்றாள். இரயில் வருகின்றது, ஏறுகின்றனர். அழவில்லை. காவலர் வரவில்லை. வீட்டில் எவருக்கும் இதனைக் கூறவில்லை என்று எழுதி அம்மாணவி கதையை நிறுத்தியிருந்தாள். எவருக்கும் அஞ்சித்தான் கூறவில்லையா என்பதை அவள் எழுதவில்லை.

பயிற்சி ஆசிரியையின் இக்கட்டு நமக்குப் புரிந்தது. மொழி நன்று, பிழைகள் மிகக் குறைவு. ஆயினும் கற்றுக்கொண்ட பாடம் எழுதப்படவில்லை, பெற்றோருக்குத் தெரிவிக்காதது நற்பண்பாகாது என்று வழிகாட்டி ஆசிரியர் ஓரத்தில் குறித்து மதிப்பெண்ணைக் குறைத்திருந்தார். காலணிக் கயிறு கட்டும் வரியின் கீழே சிவப்பு மையால் கோடிட்டு 'தேவையற்றது' என்றும் எழுதியிருந்தார்.

நாம் மதிப்பெண்ணை மாற்ற உரிமையுடையோம் அல்லோம். அத்தாளில் நம்மை ஆட்கொண்ட வரி அதுவே என்பதை மட்டும் அந்தப் பயிற்சி ஆசிரியையிடம் கூறினோம். வரும் பருவத்தில் எமிலின் தொடக்கப் பகுதியையும் சுவாமிநாதனின் காட்டு இரவையும் தமிழில் ஆக்கி, அம்மாணவியின் தாளோடு சேர்த்து வகுப்பில் வைத்துப் பேசலாம் என்று முடிவு செய்துள்ளோம். சிலையின் மீசையை வெட்டாமல்தான்.